கனகசிங்கத்தின் இடது கை

கொழும்பிலிருந்து வந்த கடிதத்தை வினாயகமூர்த்தி இரண்டு தரம் வாசித்தார். களுவாஞ்சிக்குடிச் சந்தையடியில் ஊரவர்களுக்குப் பெட்டிசமும் மனுவும் எழுதிக் கொடுப்பது அவர் தொழில். எதிரே நல்லரத்தினம் குந்தியிருந்தான். மாசி மாதம், வெள்ளாமை வெட்டு உச்சம். அரிவாள் பிடிக்கத் தெரிந்த ஆம்பிளைகள் எல்லாம் வயல் வட்டைகளில் நின்றார்கள். நல்லரத்தினத்தை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. வெட்டுக்காரன் கதிரை அள்ளிப் பிடிப்பது இடது கையால். அவனுடைய இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை. சண்டைக் காலத்தில் ஆபிரிக்காவின் தோப்ரூக் துறைமுகத்தில் குண்டுப் பெட்டி இறக்கும்போது நசிந்து போன விரல்கள்.

"நீ கேட்டது ரெண்டு பதக்கம். ஆபிரிக்கா நட்சத்திரம் ஒண்டு, யுத்தப் பதக்கம் ஒண்டு. உன்ட பேரில ரெண்டும் இல்ல எண்டு எழுதியிரிக்கான்."

"அது எனக்கும் தெரியும். மிச்சத்த வாசிங்க."

"நாப்பத்தொண்டு வைகாசியில முகாம விட்டு ஓடினவன். கடல் கடந்து போகல்ல."

"ஓடினவன்ட விரல் எங்க போச்சுதாம்?"

"பொறு. விரலும் இதில இரிக்கு. ஆனா கனகசிங்கத்தின்ட பேரில இரிக்கு."

நடந்தது இதுதான். கப்பலேறுவதற்கு முன், பட்டாளத்துக்குக் கூலிவேலை செய்யும் பயனியர் படையில் ஆளுக்கு ஐந்து நாள் லீவு கொடுத்தார்கள். நல்லரத்தினம் ஊருக்கு வந்த நேரம் கண்ணகை அம்மன் கோயிலில் கதவு திறந்து சடங்கு நடந்துகொண்டிருந்தது. உயிரோடு திரும்பி வரவேண்டும் என்று நேர்ந்து கையில் காப்புக் கட்டிக்கொண்டான். காப்புக் கட்டியவன் கடைசிநாள் குளிர்த்தி முடியுமட்டும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. குளிர்த்திக்கு எட்டு நாள் கிடந்தது. தெரிந்துதான் கட்டினான். வெள்ளைத் துரையை விட அம்மனுக்குத்தான் அவன் கூடப் பயந்தான். எட்டு நாள் கழித்து முகாமுக்குப் போனபோது அவனுடைய கம்பனி கப்பலேறிவிட்டது. பேருக்கு நேரே 'ஓடினவன்' என்று எழுதிக் காவலறையில் போட்டார்கள்.

மூன்றாம் நாள் அடுத்த கம்பனி புறப்பட்டது. தலை எண்ணியபோது ஒன்று குறைந்தது. பனிச்சங்கேணிக் கனகசிங்கம் வேலி பாய்ந்து போயிருந்தான். சார்ஜன்ட் காவலறையைத் திறந்து நல்லரத்தினத்தை இழுத்து வரிசையில் விட்டான். "இண்டைக்கு நீ கனகசிங்கம். அங்க போய் மாத்துவம்," என்றான். அங்கே போய் இரண்டாம் மாதம் சார்ஜன்ட் குண்டுபட்டுச் செத்தான். மாற்ற ஆளில்லை. நல்லரத்தினம் மூன்று வருஷம் கனகசிங்கமாகவே கல் உடைத்தான், பெட்டி இறக்கினான், பிணம் புதைத்தான். படையை விட்டு விலகும் நாளில் மட்டும் தன் சொந்தப் பேரைச் சொன்னான். கிளாக்கர் அந்தப் பேருக்குரிய கோப்பைத் தேடி எடுத்து, 'பதக்கம் இல்லை' என்று எழுதிய படைச் சேவைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தான். கனகசிங்கத்தின் புத்தகமும் பதக்கங்களும் தபாலில் பனிச்சங்கேணிக்குப் போயின.

இவ்வளவு நாளும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இப்போது உன்னிச்சைக் குளத்தின் கீழே காடு வெட்டிய புது வட்டையில், பதக்கம் பதிந்த புத்தகம் வைத்திருப்பவனுக்கு மூன்று ஏக்கர் என்கிறார்கள். மகள் இலட்சுமிப்பிள்ளைக்கு ஆவணியில் கலியாணம். வீடு பெண்ணுக்குப் போவது வழக்கம். மாப்பிள்ளை வந்து குடியேறினால் நல்லரத்தினமும் மனைவி இரத்தினம்மாவும் வெளியேற வேண்டும். எங்கே போவதென்று அவள் ஒவ்வொரு சோற்றுக்கும் கேட்டாள்.

"சித்திர இருபதில புளியந்தீவில விசாரண," என்றார் வினாயகமூர்த்தி. "கனகசிங்கத்தையும் கூப்பிட்டிரிக்கான். நீ ஒண்டும் பேச வேணாம். அவன்ட கையை மேசையில வைக்கச் சொல்லு. விரல எண்ணினா முடிஞ்சுது. அதுமட்டும் வாய மூடிக்கொண்டு இரி."

நல்லரத்தினம் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை.

அடுத்த கிழமையே பனிச்சங்கேணிக்குப் போனான். கனகசிங்கம் தோணிக்குப் பக்கத்தில் இருந்து கிழிந்த வீச்சுவலையைப் பொத்திக்கொண்டிருந்தான். வலையின் விளிம்பில் ஈயக் குண்டுகளுக்கு நடுவே நட்சத்திரம் ஒன்று தொங்கியது. உப்புத்தண்ணியில் ஊறிப் பச்சை பிடித்திருந்தது.

"அது என்ட," என்றான் நல்லரத்தினம்.

கனகசிங்கம் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "ஓ, நீதானா அந்த ஆள். இரு மச்சான். என்ட பேரில நல்லா உழைச்சிரிக்காய். மாசம் மாசம் காசு வந்தது. பிழ சொல்ல ஏலா."

"ஒரு கடுதாசி எழுதித் தா. போனது நானில்ல, இவன்தான் எண்டு. காணி எனக்கு வேணும்."

"எழுதித் தந்தா நான் ஓடினவன். மறியல் கம்பி எண்ண ஆர் போற, உன்ட கொப்பனா?"

"சண்ட முடிஞ்சு போச்சு. இனி ஆரும் பிடிக்க மாட்டான்."

"அப்ப நீயே ஓடினவனா இரியன். உனக்குப் பழக்கம்தானே." கனகசிங்கம் சிரித்தான். "காணிக்கு நானும் எழுதிப்போட்டன். ஆறு வத்திப்போய்க் கிடக்கு, மீன் இல்ல. வயல் உள்ள போடியாராகிப் பாப்பம் எண்டு ஆச."

நல்லரத்தினம் இடது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இத வடிவாப் பார். உன்ட புத்தகத்தில எழுதிக் கிடக்கு. இடது கை, மோதிர விரல், சின்ன விரல், அடியோட இல்ல. உன்ட கையில பத்தும் கிடக்கு. விசாரணையில மேசையில வச்சு எண்ணிக் காட்டு, போடியார்."

கனகசிங்கம் சிரிப்பை விட்டுவிட்டான். அந்தக் கையைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். மீன் வாங்க வந்தவன் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"அடியோடதான்," என்றான். "விசாரண எப்ப?"

"சித்திர இருபது."

"இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு," என்று சொல்லி ஊசியை எடுத்து வலையைப் பொத்தத் தொடங்கினான்.

சித்திரை இருபதாம் தேதி புளியந்தீவில் ஒரு பழைய கட்டடத்தில் விசாரணை நடந்தது. கொழும்பு அதிகாரிக்குத் தமிழ் தெரியும், பொறுமை கிடையாது. நல்லரத்தினத்துக்குச் சாட்சியாகக் காத்தான்குடி மீராசாஹிப் வந்திருந்தார். பாலைவனத்தில் மூன்று வருஷம் ஒரே கூடாரத்தில் அவனோடு படுத்தவர். பொய் சொல்லாத மனிதன் என்று ஊரே சொல்லும். அவரைக் கூட்டி வந்ததில் நல்லரத்தினத்துக்குப் பெருமை.

"இந்த ஆளைத் தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

"தெரியும் சேர். தோப்ரூக்கில என்னோட இருந்தவர். விரல் போன நேரம் இவரத் தூக்கிக்கொண்டு போனதும் நான்தான்."

"அங்கே இவரை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டீர்?"

மீராசாஹிப் நல்லரத்தினத்தைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்தார். "கனகசிங்கம் எண்டுதான் சேர்."

"நல்லரத்தினம் என்று ஒரு நாளாவது?"

"இல்ல சேர். அது ஊருக்கு வந்த புறகுதான் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"இவர்தான் சொன்னவர்."

அதிகாரி எழுதிக்கொண்டார். நல்லரத்தினம் பெஞ்சிலிருந்து எழும்பினான். "சேர், பேர விடுங்க. மத்தவன்ட கையைப் பாருங்க. மேசையில வைக்கச் சொல்லுங்க."

கனகசிங்கம் அதுவரை இடது கையைச் சட்டைக்குள் வைத்திருந்தான். மெதுவாக எடுத்து மேசையில் வைத்தான். மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை. வெட்டு அடியோடு, நேராக இருந்தது. தோல் மூடியிருந்தது, விளிம்பு மட்டும் இறால் நிறத்தில் கிடந்தது.

மீராசாஹிப் வாய்க்குள் எதையோ ஓதினார்.

"மாசியில பத்து விரல் இருந்தது சேர்," என்றான் நல்லரத்தினம். "நான் பார்த்தன். வெட்டினது இப்ப. நிறத்தப் பாருங்க, காயம் புதிசு."

"உப்பாத்துத் தண்ணியில நிக்கிறவன்ட காயம் ஆறுமா சேர்?" என்றான் கனகசிங்கம். "ஆறும், வெடிக்கும், ஆறும். அஞ்சு வருசமா இப்பிடித்தான்."

அதிகாரி இரண்டு கைகளையும் பார்த்தார். கடிகாரத்தையும் பார்த்தார். "கை இரண்டு இருக்கிறது. புத்தகம் ஒன்றுதான். அதில் இவர் பேர் இருக்கிறது. உன் சாட்சியும் இவர் பேரைத்தான் சொன்னான்." கோப்பைக் கட்டினார். "பெட்டிசம் தள்ளுபடி. பொய்யாகப் பதக்கம் கேட்டதற்கு வழக்குப் போடவில்லை. அதற்குச் சந்தோஷப்படு."

வெளியே மீராசாஹிப் அவன் தோளைத் தொட்டார். "கேட்டதுக்குச் சொன்னன், தம்பி. அல்லாஹ்வுக்காக மன்னிச்சிரு."

"நீங்க என்ன செய்யிற, காக்கா. போங்க."

கனகசிங்கம் தோணித்துறையடியில் பீடி பற்ற வைக்கத் திணறிக்கொண்டிருந்தான். நெருப்புப் பெட்டி அந்தக் கையில் நிற்கவில்லை. நல்லரத்தினம் பக்கத்தில் போனதும் பெட்டியை அவனிடம் நீட்டினான். நல்லரத்தினம் வாங்கிப் பற்ற வைத்துக் கொடுத்தான். ஏன் கொடுத்தான் என்று பிறகு பலநாள் யோசித்தான்.

"ரெண்டு விரல். மீன் வெட்டுற கத்தி," என்றான் கனகசிங்கம். "ஒண்டுக்குத் தாங்கினன். ரெண்டாவதுக்குப் பொஞ்சாதி தலையில ஏறி இருந்துதான் வெட்டினவள். உனக்குச் சும்மா போச்சு. நான் விலை குடுத்திரிக்கன். அப்ப காணி ஆருக்கு நியாயம்?"

நல்லரத்தினம் நெருப்புப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடக்கத் திரும்பினான்.

"கோவிக்காத. எனக்கு நெல்லுத் தெரியா. நீ வந்து செய். வயல் வாடிக் குடிசையில பொஞ்சாதியோட இரி. கூலி தாறன்." மடியை அவிழ்த்து எதையோ எடுத்தான். பச்சை பிடித்த நட்சத்திரம். வலைக்கயிற்றின் துண்டு இன்னும் அதில் தொங்கியது. "இதுதானே கேட்டுப் பெட்டிசம் போட்டனி. கொண்டு போ."

ஆவணியில் மாப்பிள்ளை வந்தான். நல்லரத்தினமும் மனைவியும் இரண்டு கிழமை வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டிலில் படுத்தார்கள். மூன்றாம் கிழமை இரத்தினம்மா பானை சட்டிகளைக் கட்டிக்கொண்டு, "போடியார்ட வாடிக்கே போவம்," என்றாள். அவள் குரலில் குத்தல் இருந்ததா, களைப்பு இருந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஐப்பசி உழவில், காணிகளைப் பார்வையிடும் கந்தோர் ஓவசியர் குதிரையில் வந்தார். காணி எடுத்தவன் காணியிலேயே இருந்து செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பறித்துவிடுவார்கள் என்பது சட்டம். கனகசிங்கம் பனிச்சங்கேணியில் மீனுக்குப் போயிருந்தான். ஓவசியர் கேட்டால் என்ன சொல்வதென்று போகும்போதே சொல்லிவிட்டுத்தான் போனான்.

ஓவசியர் வரம்பில் நின்று புத்தகத்தை விரித்தார். "கனகசிங்கம் ஆர்?"

நல்லரத்தினம் மாட்டை நிறுத்தினான். வாடி வாசலில் இரத்தினம்மா அடுப்பை ஊதுவதை விட்டு அவனைப் பார்த்தாள்.

"நான்தான்," என்றான்.

"கையைக் காட்டு."

சேற்றுக் கையை வேட்டியில் துடைத்து இடது கையைத் தூக்கினான். ஓவசியர் புத்தகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், அடையாளம் போட்டார். மேல்வரம்பு ஒழுங்காகக் கட்டப்படவில்லை, அடுத்த முறை வரும்போது இப்படி இருக்கக் கூடாது என்று சொல்லிக் குதிரையைத் திருப்பினார்.

"கட்டுறன் ஐயா," என்றான் நல்லரத்தினம்.