நீர்ப்பெண்ணுக்கு யார் முகம்

என் கணவர் நும்பி இறந்தபோது எங்கள் வீட்டில் அவர் வரைந்த படம் ஒன்றுகூட இல்லை. கூடத்துச் சுவரில் ஓர் ஆணி இருந்தது. அவ்வளவுதான். முப்பத்தைந்து வருடம் அந்த ஆணியில் எத்தனையோ படங்கள் ஏறி இறங்கின. ஒன்று காய்வதற்குள் அதற்கு ஆள் வந்துவிடும், இல்லையென்றால் அவரே ஆளைத் தேடிச் சைக்கிளில் கிளம்பிவிடுவார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் அந்தச் சுவரைப் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் சுரங்க நகரமான லுபும்பாஷியில் விருந்தாளி கூடத்தில் உட்கார்ந்ததும் முதலில் சுவரைத்தான் அண்ணாந்து பார்ப்பார். அங்கே என்ன தொங்குகிறதோ அதிலிருந்துதான் பேச்சு தொடங்கும். எங்கள் வீட்டில் அன்று பேச்சு தொடங்கவே இல்லை.

வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, அவருடைய படம் ஒன்று எப்படியாவது வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. புகைப்படம் இருந்தது. அது அவர் முகம். எனக்கு வேண்டியிருந்தது அவர் கை.

அந்தக் கையை நான் அருகிலிருந்து பார்த்தவள். மாவுச் சாக்கைப் பிரித்துத் துவைத்து, சட்டத்தில் இழுத்து ஆணி அடித்து, வெள்ளைச் சுண்ண வர்ணத்தை இரண்டு தடவை பூசிக் காயவைத்துக் கொடுப்பது என் வேலை. ஒரே நேரத்தில் நான்கு படங்களை வரிசையாகச் சாய்த்து வைப்பார். நான்கும் ஒரே படம். நான்கு வாலையும் முதலில், பிறகு நான்கு பாம்பையும், பிறகு நான்கு கைக்கடிகாரத்தையும் போடுவார். தண்ணீரை மட்டும் என்னிடம் விட்டுவிடுவார். தூரிகையின் பாதியை நீலத்திலும் பாதியை வெள்ளையிலும் தோய்த்து, கட்டைவிரலால் லேசாக அழுத்தி இடமிருந்து வலமாக இழுத்தால் அலை வரும். "உனக்குத் தண்ணி வர்ற மாதிரி எனக்கு வராது" என்பார். சோம்பேறித்தனத்துக்கு அது நல்ல சாக்கு.

அதிகம் விற்றது நீர்ப்பெண்தான். நாங்கள் மம்பா முந்து என்போம். இடுப்புவரை பெண், கீழே மீன். நீண்ட கூந்தல், கையில் கடிகாரம், தோளில் பாம்பு. சுரங்கத்தில் சம்பளம் போட்ட வாரத்தில் ஆட்கள் வீட்டுக்கே தேடி வருவார்கள். காசு கொண்டுவருபவள் அவள் என்று பேச்சு. ஆனால் சும்மா கொண்டுவர மாட்டாள், பதிலுக்கு வீட்டில் ஓர் ஆளின் உயிரைக் கேட்பாள் என்றும் பேச்சு. அதனால்தான் வரைகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. நீர்ப்பெண்ணுக்குத் தெரிந்த பெண்ணின் முகத்தை வைக்கக் கூடாது. நும்பி ஒரு பழைய காலண்டரிலிருந்த எவளோ ஒருத்தியின் முகத்தைத்தான் எப்போதும் வைப்பார்.

எழுபத்தாறாம் வருட மழைக்காலத்தில் கூரை ஒழுகி அந்தக் காலண்டர் கூழாகிவிட்டது. அப்போது என் மகள் கயும்பா வயிற்றில் ஏழு மாதம். காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து, சமையலுக்குச் சோம்பே என்கிற மரவள்ளி இலை ஆய்ந்தபடி நாள் முழுவதும் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். மழையில் சாக்கு காயாததால் அவர் ஒரே ஒரு படம்தான் வரைந்தார். நான் தண்ணீர் போட்டேன். போடும்போது எனக்கும் எதுவும் தெரியவில்லை. தன் முகத்தை யார் அத்தனை பார்த்திருக்கிறார்கள்? ரயில் ஓட்டுகிற கஸ்வேகா அந்தப் படத்தை வாங்கிப் போனார்.

அடுத்த வாரம் நும்பியின் அக்கா பான்சே தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

"எங்கே அவன்? நும்பி! வெளிய வாடா!"

"என்னக்கா, யாரு செத்தா?"

"இனிமேத்தான் சாவாங்க! கஸ்வேகா வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ள நுழையுறேன், உன் பொண்டாட்டி சுவத்துல உக்காந்திருக்கா! மேல துணி இல்ல, கீழ வாலு! அவங்க கொடுத்த டீ என் தொண்டையில இறங்கலடா!"

நும்பி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"கை போன போக்குல போயிடுச்சுக்கா."

"கை போச்சா? வயித்துப் பிள்ளைக்காரிய மீனாக்கி ஊரான் வீட்டுக்கு வித்திருக்க. அவ ஆளக் கேப்பாளே, யாரக் கொடுப்ப? என்னையா?"

"உன்னைக் கொடுத்தா ரெண்டே நாள்ல திருப்பிக் கொண்டாந்து விட்டுடுவா."

பான்சே அக்கா செருப்பைக் கழற்றி எறிந்தார். அது வர்ண டப்பாவில் விழுந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆளைக் கேட்பாள் என்பதில் எனக்குப் பயம் இல்லை, பள்ளியில் படித்தவள் நான். ஆனால் என் முகத்தை என்னைக் கேட்காமல் விற்றுவிட்டார். தெரியாத ஆண்கள் பீர் குடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிற இடத்தில் நான் தொங்குகிறேன். நான்கு நாள் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு படத்தைத் திரும்ப வாங்கப் போனார். வெறுங்கையோடு வந்தார்.

"கஸ்வேகா குடுத்திருப்பான். அவன் பொண்டாட்டி முவாப்பே வாசல்ல நின்னுட்டா. வித்தது வித்ததுதான்னு சொல்லிட்டா. படம் வந்த வாரமே அவ புருஷனுக்குப் பெரிய என்ஜின் குடுத்துட்டாங்களாம்."

"அப்போ எம்மூஞ்சி அவங்களுக்குக் காசு கொண்டாருதா?"

"அவங்களுக்காவது கொண்டாரட்டும். நம்ம வீட்டுல நீ நெசமாவே உக்காந்திருக்க, இந்த மாசம் கறி தின்னோமா?"

அப்போது சிரித்துவிட்டேன். கயும்பா நல்லபடியாகப் பிறந்தாள். யாரும் சாகவில்லை.

பிற்பாடு வெளிநாட்டுக்காரர்கள் வண்டி வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்து பழைய படங்களை வாங்கிப் போனார்கள். நும்பி ஒரு படத்துக்கு வாங்கியதைப் போல ஐம்பது மடங்கு கொடுத்தார்கள் என்றார்கள். அவருக்கு வருத்தமில்லை. "அங்க சுவத்துல மாட்டினா அதைப் பத்திப் பேசுவாங்களா?" என்று மட்டும் கேட்டார். ரேடியோ தானே பேசும், தன் படம் மற்றவர்களைப் பேசவைக்கும் என்பது அவருக்கு ஒரு பெருமை.

ஆகவே அவர் போன பிறகு நான் தேடியபோது எங்கள் ஊரின் கெட்டூபா, கென்யா பேட்டைகளில் எனக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் அவர் படம் இல்லை. விற்றிருந்தார்கள், அல்லது கரையான் தின்றிருந்தது. ஒரு வீடு மட்டும்தான் பாக்கி. அங்கே போக எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் போனேன்.

கஸ்வேகா இறந்து வருடங்கள் ஆகியிருந்தன. முவாப்பே அக்கா கூடத்தில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே நான் இருந்தேன். இருபத்து மூன்று வயது. சமையல் புகை ஏறி நீலம் பச்சையாகியிருந்தது, கடிகாரத்தின் மேல் ஒரு கீறல். கீழ் உதடு மட்டும், வரைந்த அன்று ஆய்ந்துகொண்டிருந்த இலையில் பூச்சியைக் கண்டதைப் போல, கொஞ்சம் பிதுங்கியிருந்தது. உதட்டை நான் அப்படித்தான் வைத்துக்கொள்வேன் என்று கயும்பா சொல்லியிருக்கிறாள். அதுவரை நான் நம்பவில்லை.

"விலைக்குக் கேக்க வந்தியா?" என்றார் முவாப்பே அக்கா.

"ஆமாக்கா. அவர் போட்டதுல வேற எதுவும் இல்ல."

"வெள்ளைக்காரன் கேட்டான், குடுக்கல. என் மகன் கேட்டான், டிவி மாட்டணுமாம். அதைத் தரையில வெச்சுப் பாருடான்னுட்டேன். நீ எடுத்துட்டுப் போயிட்டா நான் யாரைப் பாத்துக் கடலை உடைப்பேன்? சுவத்தையா?"

அவர் ஒரு கைப்பிடி கடலையை என் மடியில் போட்டார்.

"இதே மாதிரி ஒண்ணு போட்டுக் கொண்டா. இதக் கழட்டிட்டுப் போ."

"அக்கா, நான் தண்ணி மட்டுந்தானே போடுவேன்."

"தண்ணி வந்தா மீன் தானா வரும். போடி."

வீட்டுக்கு வந்து மாவுச் சாக்கைத் துவைத்தேன். தண்ணீர் ஒரே காலையில் முடிந்தது. கட்டைவிரல் எதையும் மறந்திருக்கவில்லை. வாலும் பாம்பும் சுமாராக வந்தன. கடிகாரத்தில் மணி பத்து பத்து. அவர் எப்போதும் அப்படித்தான் வைப்பார். முகம்தான் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அதிலிருந்தது ஐம்பத்தெட்டு வயதுக்காரி, நீர்ப்பெண் இல்லை. போட்டுப் போட்டுத் துடைத்தேன். எட்டு நாள் ஓடியது. ஒன்பதாம் நாள், யோசிப்பதை விட்டுவிட்டு, எதிரே அவர் உட்காரும் முக்காலியைப் பார்த்தபடி கையை விட்டேன். ஒரு முகம் வந்தது. மூக்கு மூக்காக, கண் கண்ணாக இருந்தது. போதும் என்று நிறுத்திக்கொண்டேன்.

காய்ந்ததும் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். முவாப்பே அக்கா அதை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"தண்ணி நல்லா இருக்கு. யாருடி இது?"

"நீர்ப்பெண்ணுக்கா."

"நீர்ப்பெண்ணா? இந்த அகல நெத்தி, இந்த மடங்கின காது... மீசை ஒண்ணுதான் இல்ல! அடியே, இது உன் புருஷன்டி!"

நான் குனிந்து பார்த்தேன். இடது காதின் மேல்நுனி உள்ளே மடங்கியிருந்தது. சிறுவயதில் நாய் கடித்த காது. எந்த நீர்ப்பெண்ணுக்கும் அப்படி ஒரு காது இருக்க முடியாது. கூந்தலுக்குள்ளிருந்து, பேரம் படியாத நாட்களில் பார்ப்பதுபோல, ஓரக்கண்ணால் நும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நும்பிக்கு மாரு வெச்சு, வாலு வெச்சு..." முவாப்பே அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. அவர் தன் துணி முனையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார், கடலைத் தோல் ஒட்டிய துணி.

"அக்கா, இத நான் எடுத்துட்டுப் போறேன். உங்களுக்கு வேற போட்டுத் தர்றேன். நல்ல முகமா, பொம்பள முகமா."

அவர் படத்தைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"உன் புருஷனும் இதே வாசல்ல நின்னு இதேதான் சொன்னான். வேற போட்டுத் தர்றேன், இதக் குடுங்கன்னு. அவனுக்குச் சொன்னதுதான் உனக்கும். வித்தது வித்ததுதான்."

"பழசையே நீங்க வெச்சுக்கங்களேன்க்கா, உங்க வீட்டுல இத்தனை நாள் இருந்தது..."

"பழசு மங்கிப்போச்சு. இது பளிச்சுன்னு இருக்கு. பேசுறதுக்கும் நிறைய இருக்கு. ஏறு நாற்காலில, கழட்டு."

நாற்காலியில் ஏறி என்னைக் கழற்றினேன். அந்த ஆணியில் அவரை நானே மாட்டினேன்.

இப்போது எங்கள் கூடத்தில் இருபத்து மூன்று வயதில் நான் தொங்குகிறேன். வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பேசத் தொடங்குகிறார்கள். அன்று அவருக்கு எதிரே நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்பது அதில் இருக்கிறது. பார்த்தது அவர், அது போதும் என்று பெரும்பாலான நாட்களில் தோன்றுகிறது. போதாத நாட்களில் முவாப்பே அக்கா வீட்டுக்குப் போகிறேன். எனக்குக் கடலை கொடுத்து, படம் தெரிகிற நாற்காலியில் உட்காரவைப்பார். புதிதாக வருகிறவர்களிடம் நும்பியைப் பற்றி வாரம் ஒரு கதை சொல்கிறார். பாதி பொய். நான் திருத்துவதில்லை.

அந்தக் காதைத்தான் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டேன். அதைச் சரிசெய்யப் போன ஞாயிறு சின்னத் தூரிகையும் கொஞ்சம் கறுப்பும் எடுத்துப் போனேன். முவாப்பே அக்கா என் பையைத் திறந்து பார்த்துவிட்டு, இரண்டையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்.