ரோசா அமுக்கிய பொத்தான்

1

இது கதையாக இருக்க வேண்டியதே இல்லை. லினக்ஸ் கணினியில் புதிய கிராஃபிக்ஸ் கார்டுக்கு டிரைவர் போட்டால் சில சமயம் ஏன் ஓடுவதில்லை என்று நாலு வரி உதவிக் குறிப்பு எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்றாவது வரியில் நெல்லித்தோப்பு மெரினின் மாமியார் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். எழுப்ப முடியவில்லை.

முதல் தொடக்கம்: மழை கொட்டிக்கொண்டிருந்த அந்தக் காலையில் மெரின்

வேண்டாம். மழை பெய்யவில்லை. கரன்ட் இருந்தது, அதுவே பெரிது.

இரண்டாவது தொடக்கம், இதுவே இருக்கட்டும்: மெரின் வீட்டிலிருந்தபடியே கட்டடங்களுக்கு முப்பரிமாணப் படம் செய்து கொடுப்பவள். பெங்களூர் நிறுவனம் ஒன்று அவளுக்குச் சோதனை வேலை கொடுத்திருந்தது. ஒரு வீட்டைச் சுற்றிக் காட்டும் வீடியோ, சாயங்காலத்துக்குள். பிடித்துப்போனால் அவளும் கணவன் அலெக்சாண்டரும் பெங்களூரில் குடியேறிவிடுவார்கள். மாமியார் ரோசாவிடம் இருவரும் இதை இன்னும் சொல்லவில்லை. சொன்னால், இந்த வீட்டில் அவர் தனியாக

(இந்த வாக்கியத்தை முடிக்க மெரினுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை.)

2

இந்த வேலைக்காகவே வாங்கிய புதிய கிராஃபிக்ஸ் கார்டுக்கு டிரைவர் மென்பொருளை நிறுவினாள். நடுவில் கணினி ஒரு கடவுச்சொல்லைப் புதிதாக வைக்கச் சொன்னது, வைத்தாள். ரீஸ்டார்ட் கொடுத்த நேரம் பார்த்து வாசலில் கேஸ்காரர் கூப்பிட்டார். எழுந்து போனாள்.

திரும்பி வந்தால் திரை எப்போதும்போல்தான் இருந்தது. ஆனால் படத்திலிருந்த வீட்டைத் திருப்பினால் அது விக்கி விக்கித் திரும்பியது. டிரைவர் இருக்கிறது, ஓடவில்லை.

நீக்கிவிட்டு மறுபடி போட்டாள். பழைய பதிப்பைப் போட்டுப் பார்த்தாள். சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில் இணையத்தில் போய்ப் புலம்பினாள். முகம் தெரியாத ஒருவர் கேட்டார்: "முதல் ரீஸ்டார்ட்ல நீலத்திரை வந்துச்சா?"*

* கணினியின் பாதுகாப்புப் பூட்டு தெரியாத டிரைவரை உள்ளே விடாது. நீலத்திரை வந்து, "இது உங்க ஆளா?" என்று ஒரே ஒரு முறை கேட்கும். ஆமாம் என்று சொல்லி, அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். என் உதவிக் குறிப்பு இவ்வளவுதான், முடிந்தது. இதற்கு மேல் படிப்பவர்கள் கதைக்காகப் படிக்கிறீர்கள்.

3

"அத்தை, காலைல இதுல நீலமா எதனா வந்துச்சா?"

ரோசா பிரெஞ்சு டியூஷன் பிள்ளைகளின் பேப்பரைத் திருத்திக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"வந்துச்சே. எதனா ஒண்ண அமுக்குன்னுச்சு, அமுக்குனேன். அப்புறம் நாலஞ்சு வரி வந்துச்சு. மொதல் வரியில கோந்தினு."

"அது கன்டினியூ அத்தை. இங்கிலீஷு."

"பிரெஞ்சுலயும் எழுத்து ஒண்ணுதானம்மா. தொடருன்னு அர்த்தம். அதுவும் தொடருங்கன்னு மரியாதையா சொல்லல, நீ தொடருங்குது. போனா போவுதுன்னு என்டர் தட்டிட்டேன்."

அந்த வரியைத் தட்டினால் கேள்விக்குப் பதில் சொல்லாமலே தாண்டிப்போனதாகக் கணக்கு. மெரினுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

(இங்கேதான் எனக்கு ரோசா மேல் சந்தேகம். தெரியாததைத் தொடாதே என்று பிள்ளைகளை அதட்டியே பழகியவர், மருமகளின் கணினியை ஏன் தொட்டார்? முதல் வரைவில் அவரை அப்பாவியாக எழுதினேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை. அடுத்ததில் சூழ்ச்சிக்காரியாக எழுதினேன். பேப்பரிலிருந்து நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுதியதை அடித்துவிட்டேன்.)

4

மெரின் நீலத்திரையை மறுபடி வரவைக்க வழி கேட்டுத் தெரிந்துகொண்டாள். இந்த முறை இடத்தை விட்டு அசையவில்லை. திரை நீலமானதும் ரோசா வந்து பக்கத்தில் நின்றார்.

"தள்ளு. நானே அமுக்குறேன். எது?"

"ரெண்டாவது வரி அத்தை. கீழ போற அம்பு."

மெரின் எழுத்தெழுத்தாகக் கடவுச்சொல்லைச் சொல்ல, ரோசா ஒற்றை விரலால் தட்டினார். ஒரு எழுத்தும் தப்பவில்லை.

கணினி எழுந்தது. வீடு விக்காமல் திரும்பியது: வாசல், பக்கச் சுவர், பின்கட்டு, மறுபடி வாசல். இருட்டுவதற்குள் வீடியோ போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பதிலும் வந்தது. பிடித்துவிட்டதாம்.

மெரின் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. ரோசா எட்டிப் பார்க்கவும் இல்லை. பேப்பர்களைத் திருத்தி முடித்துப் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்:

"பெங்களூருக்கு எப்பம்மா கெளம்புறீங்க?"

5

மெரின் என்ன சொன்னாள்?

"நீங்களும் வந்துடுங்க அத்தை" என்று எழுதினேன். அவசரம். "உங்களுக்கு யாரு சொன்னா?" என்று மாற்றினேன். அது சண்டையில் கொண்டுபோய் விடும். மூன்றாவதாக

அலெக்சாண்டரின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கிறது. அவன் உள்ளே வருவதற்குள் அவள் வாயைத் திறந்தாக வேண்டும். எனக்கு டிரைவர் போடத்தான் தெரியும். நீங்கள் யாருக்காவது மருமகளாகவோ, மாமியாராகவோ, நடுவில் மாட்டிக்கொண்ட மகனாகவோ இருப்பீர்கள். சீக்கிரம் சொல்லிக் கொடுங்கள், கேட்டைத் திறக்கிறான்.