மேற்குப் பள்ளம்

அருட்செல்வம் மலையேரிக்குப் போய்த் திரும்பாமல் ஒரு வருடமாகியிருந்தது. சுழியோடிகள் ஏரியில் ஒன்பது நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை. இந்த ஓகஸ்டில், 2006இல், தானே அங்கே ஏறிப் பார்ப்பதென்று அவருடைய மனைவி உதயகுமாரி முடிவெடுத்தாள். மோர்டென்ஸ்ருட்டில் இருந்த வீட்டின் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்துவைத்து, அன்று கணவரோடு கூடப் போன லோறன்ஸை வரச்சொன்னாள். வடக்கே பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் வேலைசெய்த காலத்திலிருந்தே ஆண்கள் இருவரும் சிநேகிதர்.

"காலமை ஏழுக்கு ஏறத் தொடங்கினால் பன்னிரண்டுக்கு ஏரி. கடைசித் துண்டு முழுக்கக் கல்லு. ரெண்டுக்குப் பிறகு மேலை நிக்கக் கூடாது, பனிப்புகார் மூடீடும்," என்றார் லோறன்ஸ்.

உதயகுமாரி எல்லாவற்றையும் எழுதினாள். கம்பளிக் காலுறை இரண்டு சோடி, மழைச்சட்டை, பாண், தேத்தண்ணி. லோறன்ஸின் விரல் பாதையில் ஏறி ஏறி ஒரே இடத்தில் நின்றது.

"அதுக்கு மேலை எப்பிடி, அண்ணை?"

"தெரியாது."

"ஏரிக்கரையிலைதான் கடைசியாக் கண்டனான் எண்டு பொலிசுக்குச் சொன்னனீங்களே?"

அவர் வரைபடத்திலிருந்து கையை எடுத்தார். "நான் ஏரிக்குப் போகேல்லை, தங்கச்சி. முழங்கால் ஏலாமல் இதிலை இருந்திட்டன். அவன் தனியப் போனவன். புகாருக்குள்ளை நிண்டு கூப்பிட்டவன். கனநேரம் கூப்பிட்டவன். பயத்திலை நான் எழும்பேல்லை. இப்பவும் ரெயினிலை இருக்கேக்கை கேக்குது."

கணவர் ஒரு கணத்தில் மூழ்கிப் போயிருப்பார் என்று நினைத்துத்தான் உதயகுமாரி இந்த ஒரு வருடமும் நித்திரை கொண்டிருந்தாள்.

"என்ரை பேரைக் கூப்பிட்டவரோ?"

"இல்லை. என்னைத்தான்."

"சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது?"

லோறன்ஸ் ஏரியைக் காட்டவில்லை. மேற்கே, உயரக் கோடுகள் நெருங்கிக் கிடந்த ஒரு பள்ளத்தைக் காட்டினார். அங்கே ஒருவரும் தேடியதில்லை.

அவரை வெளியே போகச் சொல்லத்தான் உதயகுமாரிக்கு வாய்வரை வந்தது. ஆனால் பென்சிலைத் திருப்பிப் பிடித்து, ஏரிக்குப் போட்டிருந்த கோட்டை அழித்தாள்.

"சனிக்கிழமை நீங்களும் வாறீங்கள்," என்றாள்.

சனிக்கிழமை மதியம் பள்ளத்தின் விளிம்பில் நின்று, பாறையிடுக்கில் நீலத் துணியை முதலில் கண்டவர் லோறன்ஸ்தான். அவர் அங்கேயே நின்றுவிட்டார். உதயகுமாரி தனியாக இறங்கினாள். அருட்செல்வம் பாறையில் முதுகு சாய்த்து உட்கார்ந்தபடியே இருந்தார். உடைந்த காலில் துவாய் இறுக்கிக் கட்டியிருந்தது. முடிச்சு ஒழுங்காகப் போட்டிருந்தது. எத்தனை நாள் உயிரோடு இருந்தாரோ.

"அண்ணை, கீழை போய்ப் பொலிசுக்குப் போன் அடியுங்கோ," என்று உதயகுமாரி மேலே பார்த்துக் கத்தினாள். "நான் இவரோடை இருக்கிறன்."

கற்கள் உருள லோறன்ஸ் இறங்கிப் போகும் சத்தம் நெடுநேரம் கேட்டது.