உள்ளங்கையில் விட்ட குழம்பு

மலேசியாவின் ஈஜோக் ஊரில் நஜ்முதீனின் சாப்பாட்டுக் கடை சாலையோரம்தான் இருக்கிறது. முதலாளியும் அவரே, சமையல்காரரும் அவரே. மீன்தலைக் குழம்பு கொதிக்கும்போது கரண்டியில் கொஞ்சம் எடுத்து, இடது உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். உப்போ புளியோ சேர்ப்பார். மறுபடி பார்ப்பார். பிறகு ஆட்டுக்கறி, கோழி, பருப்பு. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர் உமாபதி போன்றவர்கள் அந்தக் குழம்புக்காகவே சுற்றுவழியில் வருவார்கள்.

ஒரு நாள் அடுப்படியில் அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். மனைவி சுபைதா அவரைக் கோலா சிலாங்கூரில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். பிரஷர் நூற்றெண்பதைத் தாண்டியிருந்தது.

டாக்டர் ரூபினி மாத்திரை எழுதிக்கொடுத்தார். "உப்பைக் குறைக்கணும் அங்கிள். கருவாடு, ஊறுகாய், கிச்சாப் சாஸ் எதுவும் வேண்டாம்."

நஜ்முதீன் பயந்துதான் போனார். அவரைப் பெற்ற அத்தா இதே பிரஷரில் ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் இல்லாமல் படுக்கையில் கிடந்து இறந்துபோனவர். அதனால் மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. வீட்டில் சுபைதா உப்பில்லாமல் சமைத்தாள். முதல் கவளத்தை மெல்லும்போது, "வைக்கோல் தின்ற மாதிரி இருக்கு" என்றார். அதற்கப்புறம் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டு சாப்பிட்டு எழுந்துவிடுவார்.

அடுத்த மாதம் போனபோது பிரஷர் பேருக்குத்தான் இறங்கியிருந்தது. நஜ்முதீனுக்குக் கோபம் தாங்கவில்லை.

"நாக்கைக் கட்டிக்கிட்டுக் கெடக்கேன் டாக்டர். இவதான் எனக்குத் தெரியாம உப்பு போடுறா போலிருக்கு!"

சுபைதாவின் முகம் சுருங்கிப்போயிற்று. மடியிலிருந்த பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ரூபினி அவளைப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டார். "கடையில யார் சமைக்கிறது?"

"நான்தான்."

"ருசி பாப்பீங்களா?"

"பாக்காம எப்படி?"

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை இருக்கும்?"

அவர் சொல்ல வாயெடுத்தார். காலையிலிருந்து மாலை வரை உள்ளங்கையில் விட்டதையெல்லாம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்; விரல்கள் போதவில்லை.

"அது சாப்பாடு இல்லையே டாக்டர்" என்றார் மெதுவாக.

"உங்க ஒடம்புக்கு அது தெரியாதே அங்கிள். இன்னொன்னும் சொல்றேன். சாப்பிட்ட உப்புல மிச்சமெல்லாம் ஒன்னுக்குல போயிடும்னு ரொம்ப காலமா நெனச்சிருந்தாங்க. அதுல கொஞ்சம் தோல்லயும் சதையிலயும் போய்த் தங்கிடுதுன்னு இப்ப சொல்றாங்க. வயசானவங்களுக்கும் பிரஷர் உள்ளவங்களுக்கும் கூடுதலா தங்குதாம். ஏன்னு இன்னும் முழுசா தெரியல. வருஷக்கணக்கா சேர்ந்தது ஒரு மாசத்துல போயிடுமா? பொறுமையா இருங்க. ஆன்ட்டி மேல பழி போடாதீங்க."



மறுநாள் கடையில் குழம்பை நக்கிப் பார்த்துவிட்டுத் துப்ப முயன்றார். மனம் கேட்கவில்லை. ஒரு பருக்கை சிந்தினாலும் பொறுக்கி எடுக்கச் சொல்லி வளர்த்த வீடு. அதற்கடுத்த நாள் ருசியே பார்க்காமல் கண்ணளவில் உப்பைப் போட்டார். போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இன்னொரு கையும் போட்டுவிட்டார்.

உமாபதி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார். "என்னண்ணே ஆச்சு? ஒரே உப்பு லா. வாயில வைக்க முடியல."

அவ்வளவு பெரிய சட்டிக் குழம்பையும் கொட்ட வேண்டியதாயிற்று. நஜ்முதீன் மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். சுபைதா அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் தட்டிலிருந்தே ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். மென்றவர் நிறுத்தினார்.

"இதுலயும் உப்பு இல்லையே. உனக்கென்ன பிரஷரா?"

"எனக்கொன்னும் இல்ல. நீங்க அதைத் திங்கும்போது நான் மட்டும் வேற சமைச்சுத் திங்கிறதா?"

"எப்பலேருந்து?"

"மொத நாள்லேருந்து."

நஜ்முதீன் தட்டை அவள் பக்கமே தள்ளி வைத்தார். "டாக்டர் முன்னால உன்னை அப்படிச் சொல்லிட்டேனே, புள்ள" என்றார்.

"சொன்னீங்க. எனக்கு ரொம்ப வலிச்சுது."

"தப்புதான். என் மேலதான் தப்பு."

அவள் தண்ணீர் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். குழம்பு கொட்டிய கதையை அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "நாளைக்கு நான் கடைக்கு வர்றேன். ருசி நான் பாக்குறேன். ஒவ்வொரு சட்டிக்கும் ஒரே தடவைதான்" என்றாள்.

"உன் நாக்கும்தான் இப்ப உப்பை மறந்திருக்குமே?"

"அப்ப குழம்புல உப்பு கொறையும். கொறையட்டும். உமாபதிக்கு மட்டும் வயசு கீழயா போகுது?"

பல நாளைக்குப் பிறகு நஜ்முதீன் சிரித்தார்.

குழம்பில் உப்பு குறைந்துதான் போயிற்று. அவர் புளியைக் கொஞ்சம் கூட்டினார், வெந்தயத்தை வறுத்துப் போட்டார். மேசைதோறும் ஓர் உப்புக் குப்பி வைத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டவர்கள் உண்டு. வேறு கடைக்குப் போனவர்களில் சிலர் திரும்பவே இல்லை. அது அவரை உறுத்தியது. உமாபதி மட்டும் வந்துகொண்டிருந்தார். ஆரம்பத்தில் குப்பியை ஆட்டி ஆட்டிப் போட்டுக்கொண்டவர், போகப் போக அதைத் தேடுவதில்லை.

சில மாதங்கள் கழித்து டாக்டர் ரூபினி இரண்டு முறை பிரஷர் பார்த்தார். நூற்று நாற்பதுக்குக் கீழே இறங்கியிருந்தது. "நல்லா வருது அங்கிள். ஆனா மாத்திரைய நிறுத்தக் கூடாது" என்றார். நஜ்முதீன் பள்ளிப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

வெளியே வந்து காரில் ஏறியதும் சுபைதா கேட்டாள். "கடைக்குத்தான் இன்னைக்கு லீவு விட்டாச்சே. செகிஞ்சான் வரைக்கும் போயிட்டு வருவோமா? நெல்லெல்லாம் பச்சையா நிக்குதாம்."

வேலை நாளில் ஊர் சுற்றுவதா என்று வழக்கமாகக் கேட்கிறவர், அன்று ஒன்றும் கேட்காமல் வண்டியை வடக்கே திருப்பினார்.