வெளியே நிற்பவர்

...இல்லை, இந்த நாற்காலிதான் சரியில்லை, ஒரு கால் குட்டை, மூச்சு விட்டால்கூட டக்கென்று ஒரு பக்கம் சாய்கிறது, பக்கத்தில் இருப்பவர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார், பார்க்கட்டும், எழுந்து வேறு இடத்தில் உட்காரலாம் என்றால் காலியாக இருப்பது முன்வரிசையில் எதிர்வீட்டுக்காரர், நாங்கள் ரேடியோ என்று சொல்பவர், அவருடைய மனைவிக்குப் பக்கத்து இடம் மட்டும்தான், அதற்கு இந்த நொண்டி நாற்காலியே மேல்... மேடையில் மூன்று பேர், நடுவில் இருக்கும் அம்மாதான் தலைவராம், கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருக்கிறார், கீழே ஒரு குமாஸ்தா டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுகிறார், கூப்பிட்டவர் போய் மைக் முன்னால் நின்று கருத்துச் சொல்ல வேண்டும், தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகளில் செய்யப்போகும் மாற்றங்கள் பற்றிப் பொதுமக்கள் கருத்து, வாசலில் அப்படித்தான் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், மாற்றம் ஏகப்பட்டது இருக்கிறதாம், புகைக்கு ஒன்று, கழிவுநீருக்கு ஒன்று, இரைச்சலுக்கு ஒன்று, எனக்கு அதெல்லாம் தெரியாது, எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, தொட்டிக்குள் ஒருவர் இறங்கினால் வெளியே இன்னொருவர் நின்றாக வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது, அதை எடுத்துவிடப் போகிறார்கள், இனிமேல் இறங்குபவர் சட்டையில் ஒரு சின்னக் கருவியைக் குத்திக்கொண்டால் போதுமாம், விஷவாயு வந்தால் அது கத்துமாம், கத்தட்டும், யார் காதில் விழும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

இவர் அந்த வெளியே நிற்கிற ஆள். இவர் என்றால் என் வீட்டுக்காரர், காகித ஆலையில் வேலை பார்த்தவர், பார்த்தவர் என்று சொல்ல இன்னும் நாக்கு ஒப்புக்கொள்ளவில்லை... கூழ்த் தொட்டியைக் கழுவ ரேடியோ உள்ளே இறங்குவார், இவர் தொட்டியின் வாயில் நிற்பார், நிற்பது மட்டும்தான் வேலை, சும்மா நிற்கிற உத்தியோகம் யாருக்குக் கிடைக்கும் என்று நானே எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன், ஆனால் அப்படி நிற்க இன்னொருவரால் முடியாது, தேநீர் வந்தால் வாங்கமாட்டார், போன் அடித்தால் எடுக்கமாட்டார், ஒருமுறை நான் வயிற்றுவலியில் சுருண்டுகொண்டு கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை, அதற்காக ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், அவ்வப்போது ஸ்பேனரால் தொட்டியின் இரும்புச் சுவரில் இரண்டு தட்டு, உள்ளே இருந்து பதிலுக்கு இரண்டு தட்டு வரவேண்டும், வந்தால் ஆள் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம், நாள் முழுக்க இதுதான், இந்தப் பைத்தியம் வீட்டுக்கும் வந்துவிட்டது, நான் குளித்துக்கொண்டிருப்பேன், கதவில் டொக் டொக், நான் குவளையால் சுவரில் டொக் டொக் என்று பதில் தட்டியாக வேண்டும், கொஞ்சம் தாமதித்தால் "உள்ள உயிரோட இருக்கியா?" என்பார், "இல்ல, போய்ச் சேந்துட்டேன், இனிமே நிம்மதியா இருங்க" என்பேன்... இப்போதும் சோப்புப் போடும்போது குவளையை ஒரு கையில் பிடித்துக்கொள்கிறேன், யாரும் தட்டப் போவதில்லை என்று தெரிகிறது, தெரிந்தும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், வாளித் தண்ணீர் ஆறிப்போகிறது.

திரையில் படம் மாறுகிறது, ஆலையின் பாதுகாப்பு மேலாளர் பேச வந்துவிட்டார், அந்த மேலாளரை எனக்குத் தெரியும், போன மாதம் வீட்டுக்கு வந்தார், கெட்ட மனிதர் இல்லை, கொடுத்த தண்ணீரை முழுக்கக் குடித்தார், சுவரில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தார், பிறகு சொன்னார், "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, வெளிய ஒரு ஆள் நிக்கணும்ங்கற விதி அன்னைக்கு இல்லாம இருந்திருந்தா, உங்க வீட்டுக்காரர் இப்ப இந்த நாற்காலியில உக்காந்திருப்பார்." அவர் உட்கார்ந்திருந்தது இவருடைய நாற்காலி, அது அவருக்குத் தெரியாது, எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது பொய்யில்லை... "நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா அதுக்கு மதிப்பே வேற" என்றார், வருகிறேன் என்றேன், மறுநாள் தொழிற்சங்கத்துக்காரர் வந்தார், "அக்கா, அந்த விதியை எடுக்க விடக்கூடாது, நீங்க வந்து சொல்லணும்" என்றார், அவரிடமும் வருகிறேன் என்றேன், என்ன சொல்வேன் என்று இருவரிடமும் சொல்லவில்லை, எனக்கே தெரிந்தால்தானே... திரையில் இப்போது ஒரு கட்டம், அதில் பெரிய எழுத்தில், உயிரிழப்பு இரண்டு, அதற்குக் கீழே, வெளியே ஆள் இல்லாதிருந்தால் உயிரிழப்பு ஒன்று, அவ்வளவுதான், பள்ளிக்கூடத்துக் கழித்தல் கணக்கு, அதில் மிச்சம் விழும் ஒன்று இவர், என் வீட்டில் சாப்பிட்டு, என் பக்கத்தில் குறட்டை விட்டு, காலையில் செருப்பைக் காணோம் என்று கத்திக்கொண்டு... காற்று முகமூடி ஸ்டோர் அறையில் பூட்டிக் கிடந்தது, சாவி வைத்திருந்தவர் விடுப்பில் இருந்தார், அதற்குத் திரையில் கட்டம் இல்லை, சங்கத்துக்காரர் அதைத்தான் சொல்லச் சொன்னார், சொல்லலாம், ஆனால் அந்தக் கழித்தல் கணக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதே, அதை என்ன செய்வது?

சரி, யாருக்காக இறங்கினார்? உடன்பிறந்தவனா, ஒட்டிப் பழகிய சிநேகிதனா? ரேடியோவுக்காக! வாய் ஓயாத மனிதர், அணைக்கப் பித்தானே கிடையாது என்று இவர்தான் அந்தப் பெயர் வைத்தார், ஆலைக் குடியிருப்பில் எங்களுக்கு எதிர் வீடு, ஒருநாள் எங்கள் ஏணியை இரவல் வாங்கிப் போனார், திரும்பி வரும்போது ஒரு படி உடைந்திருந்தது, கேட்டால் முன்னாடியே உடைந்திருந்தது என்றார், இவர் இல்லை என்றார், அவர் ஆமாம் என்றார், ஒரு மரப்படிக்காக இரண்டு வளர்ந்த ஆண்கள் மாடிப்படியில் நின்று கத்தினார்கள், அன்றோடு பேச்சு நின்றது, வருஷம் ஒன்று ஓடியும் பேச்சு இல்லை, நானும் அவர் மனைவியும்கூட அவரவர் வீட்டுக்கு விசுவாசமாக முகத்தைத் திருப்பிக்கொண்டோம், ஆனால் ஆலையில் அதே ஜோடிதான், வேறு ஆள் மாற்றிக் கேளுங்களேன் என்றேன், "எதுக்கு? தட்டுறதுக்குப் பேச்சு வேணுமா?" என்றார்... அன்றைக்கும் தட்டிக்கொண்டுதான் இருந்தார்களாம், போர்க்லிப்ட் ஓட்டும் தம்பிதான் சொன்னான், ரேடியோவால் சும்மா இருக்க முடியாதே, இவரிடம் பேசவும் கூடாது, அதனால் தொட்டிச் சுவரிடம் பேசுவார், "வெளிய யாராவது இருந்தா கேட்டுக்கோங்கப்பா, அழுகின முட்டை நாத்தம் போயிடுச்சு, இனிமே வேலை சுகம்" என்றாராம், நாற்றம் போனால் வாயு போய்விட்டது என்றுதான் அங்கே எல்லோரும் நினைப்பார்கள், இவரும் நினைத்தார், பிறகு டாக்டர் சொன்னார், வாயு போகவில்லை, அது அதிகமானால் முதலில் மூக்கு செத்துப்போகும், நாற்றமே தெரியாது என்று... அந்தக் கருவி இருந்திருந்தால் அப்போதே கத்தியிருக்கும், அதை நான் ஏன் மறைக்க வேண்டும், நல்ல கருவிதான், அதுவும் இருக்கட்டும், ஆளும் நிற்கட்டும் என்றால் ஏன் ஆகாது?

இவர் தட்டியிருக்கிறார், பதில் இல்லை, மறுபடி தட்டியிருக்கிறார், மணியை அடித்தார், ரேடியோவின் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை இழுத்தார், கயிறு உள்ளே கலக்கும் தகட்டில் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது, அதுவரைக்கும் எல்லாம் விதிப்படி, அதற்குமேல் விதி என்ன சொல்கிறது? அங்கேயே நில் என்கிறது. இவருக்குத் தெரியாதா? புதிதாக வருபவர்களுக்கு இவர்தான் அதைச் சொல்லிக்கொடுப்பார், "உள்ள விழுந்தவனைப் பாத்து நீயும் இறங்கினா ரெண்டு பேரு, மணியை அடி, கயிறை இழு, அங்கயே நில்லு," சாப்பிடும்போது என்னிடமே எத்தனை தடவை ஒப்பித்திருக்கிறார்... போர்க்லிப்ட் தம்பி மணி கேட்டு ஓடிவந்தபோது தொட்டியின் வாயில் ஸ்பேனர் மட்டும் இருந்ததாம், அதற்கு முன்னால், ஓடிவரும்போதே, இவர் குரல் கேட்டதாம், "டேய் ரேடியோ, பேசுடா... பேசித் தொலைடா..." ஒரு வருஷம் பேசாத வாய். எனக்கு அழுகை வருவது அங்கேதான், மற்ற எதற்கும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன், இதற்கு முடியவில்லை, அழுது முடித்தால் உடனே ஆத்திரம் வருகிறது, நில் என்றால் நிற்க வேண்டியதுதானே, நான் வலியில் கூப்பிட்டபோது நகராமல் நின்ற ஆள்தானே, அந்தக் கால் அன்றைக்கு மட்டும் ஏன் நிற்கவில்லை, நான் ஒருத்தி இருக்கிறேன் என்று ஒரு நொடி தோன்றியிருக்காதா?

குமாஸ்தா அடுத்த எண்ணைக் கூப்பிடுகிறார், ரேடியோவின் மனைவி எழுந்திருக்கிறாள், மெலிந்துவிட்டாள், தோளில் இருந்து கைப்பை நழுவி நழுவி விழுகிறது, அந்த வீட்டில் பேசுவதெல்லாம் அவர்தான் பேசுவார், இவளுக்குப் பேசியே பழக்கமில்லை, மைக்கை விட்டு ஒரு முழம் தள்ளி நின்று சொல்கிறாள், "எனக்கு விதியெல்லாம் தெரியாதுங்க, அவர் தினமும் கீழ இறங்கினாரு, நான் இங்க பயப்படாம சமைச்சேன், ஏன்னா எதிர்வீட்டு அண்ணன் மேல நிக்கிறாருன்னு தெரியும், எங்களோட பேசமாட்டாரு, ஆனா நிப்பாரு." நிறுத்துகிறாள், முடிந்துவிட்டது என்று நினைத்தால் மறுபடி, "ரெண்டு பேரையும் பிரிச்சு எடுக்க முடியலன்னு சொன்னாங்க, அண்ணன் அவரோட சட்டைய விடல, எங்க வீட்டுக்காரர் தனியா சாகலைங்க, எனக்கு அது போதும்." போதுமாம்! உனக்குப் போதும், உன் புருஷனுக்குத் துணையாக அனுப்பி வைக்கவா நான் அவரைக் கட்டிக்கொண்டேன், எனக்கு என்ன இருக்கிறது, குவளை இருக்கிறது, ஒரு படி உடைந்த ஏணி இருக்கிறது... அவள் மேல் வெறுப்பா என்று பார்த்தால் வெறுப்பில்லை, அண்ணன் என்றாளே, அந்த ஒரு சொல்தான் உள்ளே போய்க் குத்துகிறது, ஏணிக்கு முன்னால் அப்படித்தான் கூப்பிடுவாள். அவள் என் பக்கம் பார்க்காமலே போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

என் எண்தான் அடுத்து. நாற்காலி டக்கென்று சாய, எழுந்துவிட்டேன், நடந்துவிட்டேன், தரையில் ஒரு மஞ்சள் கோடு ஒட்டியிருக்கிறார்கள், அதைத் தாண்டி மேடைப் பக்கம் போகக் கூடாதாம், கோட்டுக்குப் பின்னால் மைக், திரையில் அந்தக் கட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது, இரண்டு, ஒன்று, ஒரு வார்த்தை போதும், எடுத்துவிடுங்கள் என்று சொன்னால் ஆயிற்று, இனி எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணும் வெளியே நின்றவனுக்காக அழ வேண்டாம், உள்ளே இறங்குபவன் தனியாக... அதை முழுதாக நினைக்கவே முடியவில்லை. "வணக்கம்" என்றேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை, மைக் செத்துக் கிடக்கிறது, குமாஸ்தா தூரத்தில் இருந்து "தட்டிப் பாருங்கம்மா" என்று கை காட்டுகிறார். விரலால் தட்டினேன், இரண்டு தட்டு. ஒன்றுமில்லை. மறுபடி இரண்டு தட்டு. கூடம் முழுக்கச் சத்தமே இல்லை, யாரும் இருமக்கூட இல்லை, காது அடைத்துக்கொண்டு அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறது, இது வெறும் மைக், ஒரு ஒயர் கழன்றிருக்கும், அவ்வளவுதான், எனக்குத் தெரியும், நன்றாகத் தெரியும், ஆனால் கை குவளையைத் தேடுகிறது... குனிந்து பார்த்தால் என் கால் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நான் வைக்கவில்லை. எப்போது போனது என்றே தெரியவில்லை. என்னை மறந்துபோய் இறங்கிவிட்டீர்கள் என்று இத்தனை நாளாகத் திட்டிக்கொண்டிருந்தேனே, உங்கள் காலும் இப்படித்தான் உங்களைக் கேட்காமலே போயிருக்குமோ... "கேக்குது, பேசு." முன்வரிசையில் இருந்து அவள்தான், ரேடியோவின் மனைவி, ஏணி உடைந்த நாளுக்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, நாற்காலி நுனியில் வந்து உட்கார்ந்திருக்கிறாள், "இங்கதான் இருக்கேன், பேசு." மைக் கேட்கவில்லை, அவளுக்கு மட்டும் எப்படிக் கேட்டதாம்? காலைக் கோட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொள்ளலாமா என்று ஒருமுறை பார்த்தேன், அது இருந்த இடத்திலேயே இருந்தது, வாயைத் திறந்தேன், என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.