முதல் ரீடிங்

படிக்கட்டுத் திருப்பத்தில் பாடை கரண்ட் மீட்டர் பெட்டியில் இடித்தது.

"அரே, மீட்டர்! மீட்டர்!" என்று கீழேயிருந்து வீட்டுக்காரர் கேரா கத்தினார். தூக்கியவர்கள் ஒருச்சாய்த்தார்கள். பாலசுப்ரமணியத்தின் தலை சரிய, யாரோ கை கொடுத்துத் தாங்க, ஒருவழியாகக் கீழே போயிற்று. மாடி வாசற்படியில் நின்று அவர் மனைவி செங்கம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். பாழாய்ப்போன மீட்டர்! போகிற மனுஷனைக்கூட நிம்மதியாகப் போகவிடாதா?

அதன்மேல் அவளுக்குப் புதன்கிழமையிலிருந்தே ஆத்திரம். தை பிறக்கட்டும் என்று காத்திருந்து, அன்றைக்குத்தான் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு கரோல் பாக்கில் வந்து இறங்கினார்கள். உத்தியோகம் முழுக்க சர்க்கார் வீடு. ரிட்டயரான பிறகு இதுதான் முதல் வாடகை வீடு. பால் காய்ச்ச இவள் பாத்திரமும் கையுமாக நிற்கிறாள், அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீட்டரடியில் நின்றுவிட்டார்.

"ரீடிங் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் உள்ள போவணும். பின்னால தகராறு வரக்கூடாது பாரு."

கேரா எழுதினார். ஓர் எண் தப்பிப்போயிற்று. அதை அடித்து, திருத்தி, அடித்ததற்கும் ஒரு கையெழுத்து வாங்கினார் இவர். அதற்குள் ராகுகாலம் பிறந்துவிட்டது. ராகுகாலத்தில்தான் பால் பொங்கியது. இன்று சனிக்கிழமை. விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ரீடிங்காம் ரீடிங்! என்னத்தைக் கண்டார்? ஓங்கி அழவும் அவளுக்குத் தெம்பில்லை.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு, அவரைக் கிடத்தியிருந்த இடத்தில் தலைமாட்டில் விளக்கேற்றினார்கள். பதினாறாம் நாள்வரை அணையக்கூடாது. ஆர்.கே.புரத்திலிருந்து வந்த ஒருத்தி புறப்படும்போது மெல்லக் கேட்டாள்: "குடிவந்து மூணே நாள்ல சாவு. ஹவுஸ் ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டா விளக்கைத் தூக்கிட்டு எங்க போவீங்க?"

அதே நேரம் படியேறி வந்தார் கேரா. முழங்கால் வலியால் அவர் சுடுகாட்டுக்குப் போகவில்லை. கையில் ஒரு தாள். வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, விளக்கைப் பார்க்காமல், மகள் அகல்யாவிடம் இந்தியில் தாழ்ந்த குரலில் பேசினார்.

"என்னட்டி சொல்லுதாரு? போகச் சொல்லுதாரா?"

"இல்லம்மா. இருக்கலாமாம்." அகல்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆனா புதன்கிழமை எழுதின பேப்பர கிழிச்சிடலாம்ங்கறார். இன்னிக்கு ரீடிங் எடுத்து, இன்னிக்குத் தேதி போட்டு, உன் பேர்ல புதுசா எழுதிக்கலாமாம். அவர் வீட்டு ஆன்ட்டிக்கு பயமாம், அப்பா பேர் இந்த வீட்டுல வேண்டாம்னு. மூணு நாள் கரண்ட் காசுகூட வேண்டாமாம். கையெழுத்துப் போட்டுடும்மா, ப்ளீஸ். எங்க போவோம்?"

செங்கம்மாள் பேனாவை வாங்கினாள். போட்டுத் தொலைத்துவிட்டால் விளக்கு தப்பித்தது. இந்த அலுப்பில் இன்னொரு வீடு தேட யாரால் ஆகும்? பேனா தாளில் பட்டது. கை ஓடவில்லை.

"ஏட்டி, மூணு நாளும் அவுக இங்கதான இருந்தாவ? குளிச்சாவ, வெந்நி வச்சேன். குளுருதுன்னாவ, கால்மாட்டுல ஹீட்டர் போட்டேன். ராவெல்லாம் ரேடியோ கேட்டாவ. வாடகை குடுத்து இருந்த ஒரே வீட்டுல, ஆளே வரலன்னு நான் கையெழுத்துப் போடவா?"

"அம்மா..."

"புதன்கிழமை ரீடிங்தான் ரீடிங்னு சொல்லு. ராகுகாலமோ எழவோ, அவுக பாத்து எழுதினது."

அகல்யா தயங்கித் தயங்கி இந்தியில் சொன்னாள். கேராவின் முகம் இறுகியது. கீழே தன் வீட்டுக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஃபிர் பில் தேனா படேகா, மாதாஜி."

அப்படியானால் பில் கட்டியாக வேண்டும் என்கிறார்; அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இத்தனை வருட டெல்லியில் காய்கறிக்காரனிடம் பேசிய இந்தி போதும்.

"தேங்கே," என்றாள் செங்கம்மாள். "பூரா தேங்கே." முழுசாகக் கொடுத்துவிடுவோம்.

கேரா புதுத் தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிப்போனார்.

தெருவில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. காட்டுக்குப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள்.

"அகல்யா, ரெண்டு வாளியிலயும் தண்ணி புடிச்சு வெந்நி ராடு போடு," என்றாள். "எல்லாரும் குளிக்கணும்."