ஆறு மாதம் டிரம், ஆறு மாதம் டிஸ்க்

பதினான்காவது முறையாக அந்தக் காரின் முன்சக்கரத்தைக் கழற்றும்போதே மெக்கானிக்குக்குக் கோபம் உச்சிக்கு ஏறியிருந்தது. தான் மாட்டியதைத் தானே கழற்றி, கழற்றியதைத் தானே மாட்டி, ஏழு வருடமாக ஒரே காரோடு மல்லுக்கட்டுகிற மெக்கானிக் உலகத்தில் வேறு எவனாவது உண்டா? கெட்டுப்போனதைச் சரிசெய்யத்தான் அவர் தொழில் கற்றுக்கொண்டார். நன்றாக இருப்பதைக் கழற்ற அல்ல.

கார் மாமனாருடையது. அவர் கண்ணை மூடுவதற்கு முந்தைய நாள் மகனையும் மகளையும் கூப்பிட்டு, "ரெண்டு பேரும் வச்சுக்குங்க" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லவில்லை. அதனால் ஆறு மாதம் அண்ணனிடம், ஆறு மாதம் தங்கையிடம் என்று ஏற்பாடு ஆயிற்று. தங்கைதான் மெக்கானிக்கின் மனைவி. அண்ணன் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்.

கண்ணாடிக்கடை மச்சானுக்கு அந்தக் கார், தொழிற்சாலையை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். பழைய கார் சங்கம் ஒன்றில் உறுப்பினர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை அங்கே கொண்டுபோய் நிறுத்துவார். நாலு பேர் குனிந்து குனிந்து பார்ப்பார்கள். "எல்லாமே ஒரிஜினல்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மனிதருக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். திரும்பி வந்து போர்வையைப் போர்த்தினால் அடுத்த மாதம்தான் எடுப்பார்.

மனைவியின் கதை வேறு. அவளுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. ஆஸ்பத்திரி ஒரு நீளமான சரிவின் அடியில் இருக்கிறது. தினமும் காலையில் அந்தச் சரிவில்தான் இறங்க வேண்டும். பழைய டிரம் பிரேக்குக்குள் மழைத்தண்ணீர் புகுந்துவிட்டால், மிதித்த பிறகு கார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் நிற்கும். முதல் மழைக்காலத்தில் ஒருநாள் அது யோசித்துக்கொண்டே இருந்துவிட்டது. நடைபாதை விளிம்பில் சக்கரத்தை உரசி நிறுத்திவிட்டு, அவள் கணவரின் ஷெட்டுக்கு போன் செய்தாள். அந்தக் குரல் மெக்கானிக்கின் காதில் இன்னும் இருக்கிறது. மறுநாளே முன்பக்கத்துக்கு டிஸ்க் பிரேக் மாட்டிக் கொடுத்தார்.

ஆறு மாதம் முடிந்து மச்சான் வந்தார். சக்கரத்தின் துளை வழியாக டிஸ்க்கைப் பார்த்தார். செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார். "மாப்ளே, இதைக் கழட்டிட்டுப் பழசை மாட்டு. இல்லன்னா நான் வண்டியைத் தொடமாட்டேன்."

அன்றைக்கு ஆரம்பித்த சனியன் இது. மச்சானிடம் கார் போகும்போது டிரம். மனைவியிடம் வரும்போது டிஸ்க். மச்சானின் சாமான்கள் ஒரு மரப்பெட்டியில் இருக்கும். ஒவ்வொன்றையும் கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியில் சுற்றி வைத்திருப்பார். மனைவியின் சாமான்கள் ஒரு பெயின்ட் வாளியில் கிடக்கும். பிரேக் மட்டுமா? முன்விளக்கு, பின்சீட் பெல்ட், எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற பாயின்ட் செட் என்று எல்லாமே கைமாறும் நாளில் மாறும்.

பாயின்ட் செட் விஷயத்தில் மட்டும் மெக்கானிக் ஒரு தில்லுமுல்லு செய்திருந்தார். புதிய எலெக்ட்ரானிக் சமாச்சாரம் பழைய மூடிக்குள்ளேயே அடங்கிவிடும். மூன்று வருடமாக அவர் அதை மாற்றவே இல்லை. மச்சான் எஞ்சினை முடுக்கி, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இதான்யா சத்தம்! இந்த ஒரிஜினல் சத்தம் அந்த எலெக்ட்ரானிக் பெட்டியில வருமா?" என்பார். மெக்கானிக் கையைத் துடைத்தபடி, "வராது மச்சான்" என்பார்.

கைமாறும் நாளில் அண்ணனும் தங்கையும் காலையிலிருந்தே ஷெட்டில் ஆஜராகிவிடுவார்கள். வருடத்தில் அவர்கள் சந்தித்துக்கொள்வது அந்த இரண்டு நாள்தான். மற்ற நாட்களில் ஒரு போன்கூடக் கிடையாது. சந்தித்தால் மட்டும் என்ன, கொஞ்சிக்கொள்ளவா போகிறார்கள்?

"அப்பா இப்படித்தான் வச்சிருந்தார், பாப்பா. நீ அதுல கை வைக்காதே."

"அப்பா இருந்திருந்தா முதல் வேலையா மாத்தியிருப்பார். அவர் வண்டி ஓட்டினாருண்ணே. போர்வை போத்தல."

நாற்பத்தாறு வயதுக்காரியைப் பாப்பா என்று கூப்பிடுகிறவரிடம் என்ன பேசி என்ன பயன்? உள்ளபடி சொன்னால், மாமனார் உயிரோடு இருந்தவரை அந்தக் காரில் ஆயில் இருக்கிறதா என்றுகூடப் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து தன்னை வறுத்தெடுப்பார்கள் என்று மெக்கானிக் வாயை மூடிக்கொள்வார்.

இருவரும் கை வைக்காத ஒரே சாமான் ஹாரன். முன்விளக்குக்குப் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அடித்தால் தொண்டை கட்டிய மனிதர் கூப்பிடுவது போல ஒரு சத்தம். சின்ன வயதில் தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதும் இருவரும் அடித்துக்கொள்வதை நிறுத்திவிட்டுப் புத்தகத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார்களாம். அதை மாற்றலாம் என்று மனைவி ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது பதினான்காவது முறை. மச்சானின் முறை. டிஸ்க்கைத் தாங்கும் நான்கு போல்ட்டுகளில் மூன்றாவதைத் திருப்பியபோது, போல்ட்டோடு சேர்ந்து இரும்பு சுருள் சுருளாக வந்தது. மெக்கானிக் டார்ச்சை எடுத்து உள்ளே அடித்துப் பார்த்தார். சக்கரத்தைத் தாங்குகிற அச்சில் இருக்கும் ஓட்டைகள் அவை. டிரம்முக்கும் அதே ஓட்டைதான், டிஸ்க்குக்கும் அதே ஓட்டைதான். ஏழு வருடம் ஏற்றி இறக்கியதில் உள்ளே போல்ட்டைப் பிடிக்கும் மரை தேய்ந்து வழவழத்துப் போயிருந்தது. இரண்டு ஓட்டைகளை அவரே போன வருடம் பெரிதாக்கியிருந்தார். இனிப் பெரிதாக்கினால் விளிம்பில் இரும்பு மிஞ்சாது.

அவர் எழுந்து வந்து, தேநீர் குடித்துக்கொண்டிருந்த இருவரிடமும் சொன்னார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க. மரை போயிடுச்சு. இன்னும் ஒரே ஒரு தடவை வெட்டி, பசை போட்டு இறுக்கலாம். அதோட சரி. அப்புறம் கழட்டினா எதுவுமே நிக்காது. இப்ப எதை மாட்டுறேனோ அதான் கடைசி வரைக்கும்."

"அப்ப டிரம்மை மாட்டு. என் முறைதானே?" என்றார் மச்சான்.

"டிஸ்க்கே இருக்கட்டும். நான்தானே தினமும் ஓட்டுறேன்?" என்றாள் மனைவி.

"வேற அச்சு வாங்கிப் போடேன் மாப்ளே."

"எங்க வாங்குறது? இந்தக் கம்பெனியை இழுத்து மூடி முப்பது வருஷம் ஆச்சு."

"வெல்டிங் வச்சிட்டா?"

"சக்கரம் நிக்கிற அச்சுல வெல்டிங் வச்சா நான் மெக்கானிக் இல்ல மச்சான், கொலைகாரன்."

மூன்று மணி நேரம் போனது. இருவரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். அப்பா இழுக்கப்பட்டார். அம்மா இழுக்கப்பட்டார். எட்டாம் வகுப்பில் உடைந்த ஒரு பேனா இழுக்கப்பட்டது. மெக்கானிக்குக்கு மரை தேய்ந்தது காருக்கா இந்தக் குடும்பத்துக்கா என்று சந்தேகமே வந்துவிட்டது. கையிலிருந்த ஸ்பேனரை மேஜையில் ஓங்கிப் போட்டார்.

"சரி, நீயே சொல்லு. எது?" என்றார் மச்சான். மனைவியும் திரும்பிப் பார்த்தாள்.

ஏழு வருடத்தில் முதல்முறையாக அவரைக் கேட்கிறார்கள். சரிவிலிருந்து வந்த அந்த போன்குரல் காதில் கேட்டது. "டிஸ்க்" என்றார்.

மச்சான் மரப்பெட்டியைத் திறந்து, பிரித்து வைத்திருந்த டிரம்மை மறுபடி துணியில் சுற்றினார். பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "வண்டியை அவளே வச்சுக்கட்டும். எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நடந்தே போனார். அன்றைக்கு மனைவி சமைத்து எடுத்து வந்திருந்த சாப்பாட்டில் அவர் பங்கு அப்படியே திரும்பி வீட்டுக்குப் போனது.

மெக்கானிக் மரை வெட்டினார், பசை போட்டார், இறுக்கினார். தொழில் சரி. பிரேக் கல் மாதிரி நின்றது. ஆனால் வீட்டில் ஒன்றும் சரியில்லை. ஜெயித்தவள் சிரிக்க வேண்டாமா? மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். போன் அடித்தால் ஓடினாள். வேறு யாரோ என்று தெரிந்ததும் எரிந்து விழுந்தாள். மெக்கானிக் இரண்டு முறை கண்ணாடிக் கடைக்குப் போனார். மச்சான், "பார்வை எப்படி இருக்கு மாப்ளே?" என்று விசாரித்தார். காரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இப்படியே ஆறு மாதம் ஓடிற்று. கைமாறும் நாள் வந்தது. கைமாற்ற ஆளும் இல்லை, சாமானும் இல்லை. ஆனாலும் மனைவி லேபில் விடுப்பு சொல்லியிருந்தாள். மெக்கானிக் சமையலறைக்குள் போனபோது மூன்று பேருக்குச் சமைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"யார் வர்றாங்க?"

"யாரும் வரல. அளவு தெரியாம வச்சிட்டேன்." கொஞ்ச நேரம் பாத்திரத்தைத் துடைத்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள். "ஏங்க, அந்த டிஸ்க்கைக் கழட்டிட்டு அண்ணனோட டிரம்மையே மாட்டிட முடியாதா?"

மெக்கானிக்குக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "அன்னைக்கு மூணு மணி நேரம் கத்தினியே! கழட்டினா எதுவும் நிக்காதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"சும்மாதான் கேட்டேன்" என்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

அவர் ஷெட்டுக்குப் போய்க் காரின் முன்னால் நின்றார். மனத்துக்குள் எல்லோரையும் கரித்துக் கொட்டினார். மாமனாரையும் விடவில்லை. வருடத்தில் இரண்டு நாள் தன் முதுகை ஒடித்தது இரண்டு பேர் உட்கார்ந்து சண்டை போடுவதற்காகத்தான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வழியை அவரே அடைத்துவிட்டார். காரில் இனிக் கழற்ற என்ன மிச்சம் இருக்கிறது? அவர் கண் ஹாரனில் போய் நின்றது.

இரண்டே போல்ட். பத்து நிமிடத்தில் கழற்றி, பழைய சாக்கில் சுற்றி, அலமாரிக்குப் பின்னால் வைத்தார். அதன் இடத்தில் ஸ்கூட்டர் ஹாரன் ஒன்றை மாட்டினார். நல்ல சாமானைக் கழற்றிவிட்டு மட்டமான சாமானை மாட்டுவது அவர் தொழில் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. கை கூசியது. காரை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், கண்ணாடிக் கடை வாசலில் நிறுத்தி அழுத்தினார்.

"பீப்."

உள்ளே யாருக்கோ கண் பார்த்துக்கொண்டிருந்த மச்சான் நிமிர்ந்தார். மெக்கானிக் மறுபடி அழுத்தினார். மச்சான் வெளியே வந்தார். காரைச் சுற்றி முன்பக்கம் போய்க் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"மாப்ளே. ஹாரன் எங்க?"

"சத்தம் சரியில்ல மச்சான். தூக்கிட்டேன். ஷெட்டுல எங்கயோ கிடக்கும்."

"எங்கயோவா? எங்கப்பா ஹாரன் எங்கயோ கிடக்குதா?" அவர் கடையை அப்படியே கடைப்பையனிடம் விட்டுவிட்டுக் காரில் ஏறினார். கதவை அறைந்து சாத்தினார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து ஏதோ எண்ணை அழுத்தினார்.

"பாப்பா? நான்தான். உன் புருஷன் என்ன காரியம் பண்ணியிருக்கார் தெரியுமா? உடனே ஷெட்டுக்கு வா."

முதல் திருப்பத்தில் பிரேக் பிடித்தபோது, "இது என்ன இப்படிச் சட்டுனு நிக்குது? பழைய வண்டி மாதிரியே இல்ல" என்று அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

ஷெட் வாசலில் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கையில் கரண்டி. காரிலிருந்து இறங்குவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"யாரைக் கேட்டுக் கை வச்சீங்க? நாங்களே தொடாத சாமான் அது!"

"கல்யாணத்தப்பவே நான் சொன்னேன் பாப்பா, இவர் கொஞ்சம் அவசரக்காரர்னு."

"நீ சொன்னேண்ணே. நான்தான் கேக்கல."

ஏழு வருடமாக ஒருவர் சொன்னதற்கு ஒருவர் தலையாட்டாதவர்கள் இப்போது தலைக்குத் தலை ஆட்டிக்கொண்டு அவரைத் துவைத்தார்கள். இருபத்தைந்து வருடத்தில் அவர் செய்த தப்பெல்லாம் வரிசையாக வந்தது. செய்யாததும் கூட வந்தது. மெக்கானிக் அலமாரிக்குப் பின்னாலிருந்து சாக்கை எடுத்து நீட்டினார். மாட்டலாம் என்று ஸ்பேனரை எடுத்தார்.

"நீ தொடாதே" என்றார் மச்சான். "இனிமே இவரை நம்பி வண்டியை விட முடியாது பாப்பா. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நானே வந்து ஒண்ணு ஒண்ணாப் பாத்துட்டுத்தான் போவேன்."

"வாண்ணே. நானும் லீவு போட்டுட்டு இருக்கேன்."

மச்சான் ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு குனிந்தார். தங்கை பக்கத்தில் மண்டியிட்டு ஹாரனைத் தாங்கிப் பிடித்தாள். அந்த மனிதர் ஜென்மத்தில் ஸ்பேனர் பிடித்ததில்லை. போல்ட்டைக் கோணலாக வைத்து மரையில் ஏற்றினார். அது கடகடவென்று முனகிற்று. இரும்பு நசுங்குகிற அந்தச் சத்தம் மெக்கானிக்கின் பல்லில் கூசியது. இன்னும் ரெண்டு சுற்று, அப்புறம் அந்த ஓட்டையும் போச்சு. பின்னால் அரைச்சுற்று திருப்பிவிட்டு நேராக ஏற்றுய்யா என்று சொல்ல நாக்கு துடித்தது.

"சரியா ஏறுதா மாப்ளே?" என்று மச்சான் திரும்பாமலே கேட்டார்.

மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"நல்லா ஏறுது மச்சான்" என்றார்.